பத்தாண்டுக்கு ஏழு வயது

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில், ஒஹையோவில்,
அவளுக்கு ஒன்பது வயது.
அறுபதில், அயோவாவில், பதினாறு.
எழுபதில், நெப்ராஸ்காவில், இருபத்து மூன்று.
பத்தாண்டு போனால் ஏழு வயதுதான் ஏறுகிறது
அர்வில்லாவுக்கு.
மிச்ச மூன்றை யாரிடம் கொடுத்து வைத்தாளோ.

கணக்கெடுக்க வந்தவன் குதிரையை விட்டு இறங்காமல் கேட்டிருப்பான்.
அடுப்பில் தீய்வதைப் பார்த்தபடி
இவள் சொல்லியிருப்பாள்.
தொழில்: 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்.'
வீடு என்பது
புல்வேரோடு வெட்டி அடுக்கிய மண்கட்டி.
வெளியே மழை நின்றபிறகும்
உள்ளே மூன்று நாள் பெய்யும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
கோடை விடுமுறையில் ஓரிகனிலிருந்து
இரண்டு நாள் காரோட்டி வந்தேன்.
பின்னிருக்கையில் இரைச்சல் இல்லாமல்
காது கூசியது.
கையில் ஒரு பழைய புகைப்படம்.
பின்புறம் பென்சிலில்: 'அர்வில்லா, லூப் ஆற்றங்கரை.'
கீழே வெர்டா அத்தையின் கையெழுத்தில்:
'நம் குடிக்கு வேர் இவள்தான்.'

ஆவணக் காப்பறையில் டார்லீன் என்ற பெண்,
பாதி தின்ற பீச் பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு,
நிலக் கோப்பை எடுத்துப் போட்டாள்.
நூற்று அறுபது ஏக்கர்.
பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி,
பக்கத்தில் எழுத்தர் கையால் 'இது அவள் இட்ட குறி.'
விண்ணப்பதாரர், விதவை.

விதவையா?
அவள் புருஷன் லைசாண்டர் ஹஃப்
அதே ஆண்டு ஓரிகனில்
மரம் அறுக்கும் ஆலையின் கூலிப் பதிவேட்டில்
உயிரோடு இருக்கிறான்.
எண்பதில் ரொவீனா என்றொருத்தியோடு இருக்கிறான்,
இரண்டு வயது ஆர்லோவோடு.
ஆர்லோ என் பூட்டன்.
பூட்டனைப் பெற்றவனுக்கு ஓட்டன் என்று பெயர்.
ஓடியவனுக்கு இதைவிடப் பொருத்தமாக
யார் வைத்துவிட முடியும்.

கட்டியவன் இருக்கிறவளுக்குச் சட்டம் நிலம் தராது.
எனவே அவனைக் கொன்றாள்,
ஒரே சொல்லில்,
சத்தியம் செய்து, சாட்சிகள் பார்க்க.

ஆக, என் வேர் அவள் இல்லை.
அவள் மூத்தாள். நாங்கள் இளையாள் வழி.
ஓடும்போது அந்தப் படத்தை அவன் எதற்கு எடுத்துப் போனான்,
ரொவீனா அதை ஏன் அடுப்பில் போடவில்லை
என்பதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

நகலுக்கான படிவத்தில்
'உறவுமுறை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
உறவு இல்லாவிட்டால் தருவீர்களா என்று கேட்டேன்.
"பக்கத்துக்குக் கால் டாலர்,
யாராக இருந்தாலும்" என்றாள் டார்லீன்.

ஆறு வருஷம் கழித்து இறுதிச் சான்று.
வீடு பதினாலுக்குப் பதினெட்டு அடி.
கதவு ஒன்று, சன்னல் இரண்டு.
கிணறு தொண்ணூறு அடி.
உழுதது முப்பத்தைந்து ஏக்கர்,
அதில் இரண்டு வெள்ளாமை வெட்டுக்கிளிக்கு.
நட்ட காட்டன்வுட் கன்றுகள் நாற்பது,
பிழைத்தவை பதினொன்று.
அடியில் பெருக்கல் குறி இல்லை.
முழுப் பெயர்.
ஹஃப் என்பதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு,
தாளின் மறுபக்கம் புடைக்கிற அழுத்தத்தில்.

அந்த ஆறு வருஷத்தில்
யாரோ அவளுக்கு எழுத்துக் காட்டியிருக்கிறார்கள்.
பள்ளிக்கூடம் போய்வந்த மகளா,
மாவு சிந்திய பலகையில் விரலால்?
தெரியவில்லை.
தொண்ணூறாம் வருஷத்து ஏடுகள் தீயில் போயின.
தொள்ளாயிரத்தில் கேட்டிருக்கிறார்கள்:
பெற்றது எத்தனை? ஏழு.
இருப்பது? இரண்டு.
வயது? ஐம்பத்தொன்பது.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியான வயது.
கொடுத்து வைத்ததையெல்லாம்
ஒரே நாளில் திருப்பி வாங்கிவிட்டாள்.

மறுநாள் அந்த நிலத்தைத் தேடிப் போனேன்.
டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார்.
"காற்றாலைக் கம்பெனி ஆளா?"
இல்லை, மரம் எண்ண வந்தேன் என்றேன்.
"மரமா?"
என்னோடு சேர்ந்து அவரும்
ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.
வானம் தொடுமட்டும் மக்காச்சோளம்.